உப்புத் தண்ணீரில் எதைத் தின்று சிவக்கிறது? திருமலையில் ஒரு போத்தல் வரிசை

உப்பளத் தண்ணீரைச் சிவப்பாக்கும் நுண்ணுயிர்கள் எதைத் தின்கின்றன என்று பார்க்க, வெவ்வேறு தீனி போட்டுப் போத்தல்களில் வளர்த்துக்கொண்டிருந்தேன். கிளிசரின் போத்தல் ஒருவழியாகச் சிவந்துவிட்டது. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். மீன் அவித்த தண்ணீர் விட்ட போத்தல் எப்போதோ சிவந்து, மணம் தாங்காமல் கொல்லைக்குப் போய்விட்டது. மார்மைட் விட்டதும் சிவந்தது. சீனி போட்டது கொஞ்சம் கலங்கிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. எல்லாவற்றிலும் ஒரே உப்பு, ஒரே சூடு, ஒரே உப்புப் பாத்தியில் அள்ளிய தண்ணீர். தீனி மட்டும்தான் வேறு.

இதன் தொடக்கம் கருவாடு. திருகோணமலையில் இறக்கக்கண்டிப் பக்கம் மாமிக்கு ஒரு சின்ன வாடி, அதாவது கருவாடு போடும் கொட்டில், இருக்கிறது. கட்டா, சுறா, திருக்கை என்று கிடைப்பதைக் கீறி, உப்புப் போட்டு, காயவைத்து விற்கிறார். வாடைக்காற்று தொடங்கி மழை பிடித்தால், அடுக்கி வைத்த கருவாட்டில் இளஞ்சிவப்பாக ஒரு பிசுக்குப் படரும். வாங்க வருகிறவர்கள் அதைக் கண்டால் பாதி விலைதான் கேட்பார்கள். "உப்பைக் குறைச்சா புழு வைக்குது, கூட்டிப் போட்டா சிவக்குது. நான் என்னத்தைச் செய்ய தம்பி?" என்று மாமி கேட்டார். உப்பு கிருமியைக் கொல்லும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கு, உப்பைக் கூட்டினால் சிவப்பும் கூடுவது விளங்கவில்லை.

தேடிப் படித்ததில் அந்தச் சிவப்பு பழைய தொல்லை என்று தெரிந்தது. 1922-இலேயே கனடாவில் ஹரிசன், கென்னடி என்ற இருவர் உப்பிட்ட கொட் மீன் சிவப்பதைப் பற்றி ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். காரணம், உப்பை விரும்பி வாழும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்கள். பார்வைக்குப் பற்றீரியா மாதிரி இருந்தாலும் உயிர் மரத்தில் தனிக்கிளை. இவற்றில் பல, உப்புச் செறிவு பத்து சதவீதத்துக்குக் கீழே போனால் உருக்குலைந்து வெடித்துவிடும். வெளியே உள்ள உப்புக்கு ஈடாகத் தம் செல்லுக்குள் பொட்டாசியம் குளோரைட்டை நிறைத்து வைத்திருப்பவை. அவை வாழ்வதற்கு உப்பு வேண்டும் என்பது புரிந்தது. வளர்வதற்கு எதைச் சாப்பிடுகின்றன என்பதுதான் என் கேள்வி. தீனியை நிறுத்தினால் சிவப்பும் நிற்கும் என்பது கணக்கு.

தண்ணீர் எடுத்தது

நிலாவெளி தாண்டிக் கும்புறுப்பிட்டிப் பக்கம் உப்பு விளைகிறது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், உப்பு இறுகும் கடைசிப் பாத்திகள் ரோஸ் நிறமாக மாறிக் கிடக்கும். அங்கே வேலை செய்யும் ஓர் அண்ணையிடம் கேட்டுத்தான் ஒரு போத்தல் அள்ளினேன். "சிவந்த தண்ணி கெதியா உப்பு வைக்கும்" என்றார். அதில் உண்மை இருக்கிறது. சிவப்பு நிறமி வெய்யிலை உறிஞ்சித் தண்ணீரைச் சூடாக்கும், ஆவியாதல் கூடும். உலகத்தின் பல உப்பளங்களில் இந்தச் சிவப்பை விரும்பியே வைத்திருக்கிறார்கள்.

உப்புக்காரர்கள் தண்ணீரின் கனத்தைப் போமே டிகிரியில் சொல்வார்கள். கடல்நீர் மூன்றரை டிகிரியளவு. வற்ற வற்ற 13 டிகிரியை ஒட்டி ஜிப்சம் படியத் தொடங்கும், 25 தாண்டினால் கறியுப்பு. அந்த மிதவைக் கருவி என்னிடம் இல்லை. 100 மில்லி அளவுச்சாடியில் தண்ணீரை விட்டு, சாடியின் எடையைக் கழித்து நிறுத்தேன்: 121 கிராம். அதாவது சாரடர்த்தி 1.21. 145-ஐ 1.21-ஆல் வகுத்து, வருவதை 145-இலிருந்து கழித்தால் 25 டிகிரிக்குச் சற்று மேலே வரும். கருவி வாங்கும் காசு மிச்சம்.

ரியூஷன் சொல்லிக் கொடுக்கும் நண்பர் ஒருவரிடம் 400 மடங்கு பெருக்கும் நுணுக்குக்காட்டி இருந்தது. இந்தத் தண்ணீரைப் பார்ப்பதில் ஒரு சிக்கல்: விளக்குச் சூட்டில் கண்ணாடித் தட்டிலேயே உப்பு படிகமாகிவிடும். மூடிக்கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி வாஸ்லின் பூசினால் ஒரு பத்து நிமிடம் தாங்கும். வில்லையில் உப்புத் தண்ணீர் பட்டால் உடனே நன்னீரில் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் நண்பரை இழப்போம்.

பெரிதாகத் தெரிந்தது டுனலியெல்லா சலைனா என்ற ஒற்றைச்செல் அல்கா. ஒரு சில பச்சை, பெரும்பாலானவை தோடம்பழ நிறம், துள்ளித் துள்ளி நீந்தின. அந்த நிறம் பீற்றா கரோட்டீன். சுற்றிலும் எண்ணிலடங்காத புள்ளிகளும் கோல்களும். மிக மெல்லிய சதுரத் தகடுகள் போலச் சில தெரிந்தமாதிரி இருந்தது. 400 மடங்கில் அதை உறுதியாகச் சொல்ல முடியாது. 1980-இல் வால்ஸ்பி என்ற ஆய்வாளர் சினாய்ப் பகுதி உப்புக் குட்டை ஒன்றில் கண்ட சதுர ஆர்க்கியா அப்படித்தான் இருக்கும். கண்டுபிடித்ததிலிருந்து 2004 வரை அதை எவராலும் ஆய்வுகூடத்தில் வளர்க்க முடியவில்லை. உப்புக் குட்டைகளில் மிக அதிகமாக இருக்கும் உயிர் ஒன்றுக்குச் சரியான சாப்பாடு போட கால் நூற்றாண்டு பிடித்திருக்கிறது. என் போத்தல்களைப் பற்றி இனிக் குறை சொல்லப் போவதில்லை.

அதே சொட்டின் விளிம்பில் ஒரு துளி நன்னீரை விட்டுப் பார்த்தேன். கோல்கள் உருண்டையாகி, மங்கி, இல்லாமல் போயின. நன்னீர் இவற்றுக்கு நஞ்சு என்று வாசிப்பதும் அதைக் கண்ணால் காண்பதும் ஒன்றில்லை.

அடிப்படைத் தண்ணீர்

ஒரு லீற்றருக்கு: கல்லுப்பு 250 கிராம், பாமசியில் விற்கும் எப்சம் உப்பு 20 கிராம், பொட்டாசியத்துக்காக உரக்கடை எம்.ஓ.பி. 2 கிராம். முதலில் 800 மில்லி தண்ணீரில் எல்லாவற்றையும் கரைத்து, பிறகு லீற்றருக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு லீற்றர் தண்ணீரில் 250 கிராம் கொட்டினால் அளவு கூடிச் செறிவு குறைந்துவிடும். எம்.ஓ.பி. செங்கல் நிறத்தில் இருப்பது அதிலுள்ள இரும்பு ஒட்சைட்டால். அதைத் தனியே கரைத்து, படியவிட்டு, தெளிவை மட்டும் துணியில் வடித்துச் சேர்த்தேன். இல்லையென்றால் தொடங்கும்போதே எல்லாம் சிவப்பு.

இந்த அளவுகள் ஆய்வுகூடங்களில் ஹாலோபாக்டீரியம் வளர்க்கப் பல காலமாகப் பாவிக்கும் கலவையை ஒட்டியவை. அங்கே லீற்றருக்கு 10 கிராம் பெப்ரோன், அதாவது அரைவாசி செரித்த புரதம் போடுவார்கள். இதில் ஒரு வேடிக்கை. சில பெப்ரோன் வகைகளில் பித்த உப்பு எச்சம் இருக்கும், அது இவற்றின் சவ்வைக் கரைத்துக் கொன்றுவிடும். ஆகவே எந்தப் பெப்ரோன் என்று பார்த்து வாங்குவார்கள். அதே காரணத்தால் பாத்திரம் கழுவும் திரவமும் ஆகாது. மீன் தண்ணீர் விட்ட ஒரு போத்தல் மட்டும் பளிங்காகத் தெளிந்து நின்றதன் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். மற்றவை வெறும் தண்ணீரில் அலசியவை, அது மட்டும் நன்றாக நுரை போட்டுக் கழுவி அவசரமாக அலசியது. அதன் பிறகு எல்லாப் போத்தலையும் கொதிதண்ணீர், வெய்யில் இரண்டாலும் மட்டும் சுத்தம் செய்தேன்.

போத்தல்கள் அரை லீற்றர் பழச்சாற்றுக் கண்ணாடிப் போத்தல்கள். ஒவ்வொன்றிலும் 100 மில்லி மட்டும். இதைக் கூட்டாதீர்கள். செறிந்த உப்புத் தண்ணீரில் ஒட்சிசன் மிகக் குறைவாகவே கரையும், நன்னீரில் கரைவதின் கால் பங்களவுதான். ஆழம் கூடினால் அடியில் மூச்சு முட்டும். வாய்க்குப் பஞ்சு. காலையும் மாலையும் சுழற்றிக் குலுக்க வேண்டும்.

அடைகாக்க மீன் ஏற்றும் ரெஜிபோம் பெட்டி ஒன்று, ஒரு 25 வாற்று குண்டு பல்பு, கோழிக்குஞ்சு பொரிக்கிறவர்கள் பாவிக்கும் சின்னத் தேர்மோஸ்டாட். 40 பாகைக்கு வைத்தேன். பகலில் தகரக் கூரையின் கீழ் பல்பு எரிந்தது குறைவு.

தீனி

முதல் வரிசை இப்படி: மார்மைட், மீன் அவித்த தண்ணீர், சீனி, கிளிசரின், சோடாத்தூளால் புளிப்பு எடுத்த வினாகிரி, ஒன்றும் போடாதது. 100 மில்லிக்கு அரைக் கிராம் அளவு. அரைக் கிராமைச் சமையல் தராசில் நிறுக்க முடியாது. 5 கிராமை 100 மில்லி உப்புத் தண்ணீரில் கரைத்து, அதில் 10 மில்லி ஊசிக்குழாயால் எடுத்து விட்டேன். பாத்தித் தண்ணீர் ஒவ்வொன்றுக்கும் 5 மில்லி.

மார்மைட் நம் வீடுகளில் பாணுக்குப் பூசுவது. அது ஈஸ்டின் சாறு, அமினோ அமிலமும் வைட்டமினும் உண்டு. ஆய்வுகூடத்து ஈஸ்ட் சாற்றுக்கு ஏழை வீட்டுத் தம்பி. ஆனால் அதன் பழுப்பு நிறம் பெரிய இடைஞ்சல். போத்தல் சிவக்கிறதா, மார்மைட்தானா என்று வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துப் பிடித்துக் கண் வலித்தது. பிறகு பேக்கரி ஈஸ்ட் 10 கிராமை 100 மில்லி தண்ணீரில் அரைமணி நேரம் கொதிக்கவிட்டு, படியவிட்டு, மேல்தெளிவை எடுத்தேன். நிறம் இளமஞ்சள்தான். தொடங்குகிறவர்கள் நேரே இதற்குப் போகலாம்.

மீன் தண்ணீர் எல்லாவற்றையும் முந்தியது. ஒரு வாரத்துக்குள் கலங்கி, அடுத்த சில நாட்களில் செம்பருத்திச் சாறு நிறத்துக்கு வந்தது. கட்டாத் தலையை அவித்து, மேலே மிதந்த கொழுப்பை நீக்கி வடித்த தண்ணீர். இந்த ஆர்க்கியாக்களில் பல புரதத்தைப் பிரிக்கும் நொதியை வெளியே சுரக்கும். அந்த நொதியே உப்பில்லாவிட்டால் வேலை செய்யாது. புரதத்தை வெளியிலேயே வெட்டி, அமினோ அமிலமாக உள்ளே இழுத்துக்கொள்ளும். கருவாட்டின் சதை பிசுக்காகி மேல்தோல் உரிவது இதனால்தான். ஹாலோபாக்டீரியம் சலைனாரம் போன்ற வகைக்குச் சீனியில் நாட்டமே இல்லை, அமினோ அமிலம்தான் முழுச் சாப்பாடு. ஒட்சிசன் இல்லாதபோது ஆர்ஜினின் என்ற ஒற்றை அமினோ அமிலத்தை நொதிக்கவைத்தே காலம் தள்ளும்.

சீனிப் போத்தல்தான் எனக்குப் பிடித்தது. முதலில் லேசாகக் கலங்கியது, ஆகவே ஏதோ ஒன்று அதைத் தின்கிறது. ஹாலோபெராக்ஸ் என்ற இனம் சீனி வகைகளை எடுக்கும். அதில் ஒன்றான ஹாலோபெராக்ஸ் வொல்கானி, சாக்கடலில் உயிர் இருக்கிறது என்று 1936-இல் எழுதிய வொல்கானியின் பெயரைத் தாங்கியது. ஆனால் கலங்கல் கூடவில்லை. பி.எச். தாள் பிடித்தேன். செறிந்த உப்பில் அந்தத் தாள் சரியான எண் காட்டாது. அதனால் எண்ணைப் பார்க்காமல், ஒன்றும் போடாத போத்தலோடு நிறத்தை ஒப்பிட்டேன். சீனி நன்றாகவே புளித்திருந்தது. இவை சீனியை முழுதாக எரிக்காமல் இடையில் விட்டுவிடும். மிஞ்சுவது அமிலம். தன் அமிலத்திலேயே அது நின்றுபோனது.

புளிப்பை எடுக்கப் பள்ளிக்கூடச் சோக்கைத் தூளாக்கிப் போட்டதில் ஒரு மாற்றமும் இல்லை. சோக்கில் வினாகிரி விட்டுப் பார்த்தால் நுரைக்கவில்லை. இப்போது வரும் சோக்குகளில் பல ஜிப்சம், சுண்ணாம்புக் கல் இல்லை. ஜிப்சம் அமிலத்தோடு சண்டை பிடிக்காது. மட்டிச் சிப்பியைக் கழுவி, வறுத்து, உரலில் இடித்துப் போட்டபோது வேலை செய்தது. சிப்பித்தூள் போட்ட சீனிப் போத்தல் மெதுவாக வெளிர்ரோஸுக்கு வந்தது. மீன் தண்ணீருக்குக் கிட்டவும் வரவில்லை. வினாகிரிப் போத்தலும் அப்படித்தான், ஏதோ இருக்கிறது என்ற அளவில்.

பாத்தித் தண்ணீர் விடாத போத்தல் சிவந்தது

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒப்பிடுவதற்காக, பாத்தித் தண்ணீரே விடாமல் ஈஸ்ட் சாறு மட்டும் விட்ட போத்தல் ஒன்றும் வைத்திருந்தேன். அதுவும் தாமதமாகச் சிவந்தது. அதற்குள் எவரையும் நான் விடவில்லையே! விட்டது உப்பு. வெய்யிலில் விளைந்த உப்புப் படிகத்துக்குள் நுண்ணிய தண்ணீர்க் குமிழிகள் சிறைப்பட்டிருக்கும், அவற்றுள் இந்த ஆர்க்கியாக்கள் உயிரோடு கிடக்கும். நான் கல்லுப்பைக் கரைத்தபோது எல்லாரையும் எழுப்பிவிட்டிருக்கிறேன்.

மாமியின் பிரச்சினைக்குப் பாதி விடை இங்கே கிடைத்துவிட்டது. மீனுக்குச் சிவப்பு காற்றிலிருந்து வரவில்லை, உப்பு மூட்டையிலிருந்தே வருகிறது. உப்பைக் கூட்டினால் சிவப்பு கூடுவதும் இதனால்தான்.

அடுத்த வரிசைக்கு உப்பைச் சுட்டேன். தெருமுனைப் பேக்கரியில் மாலைப் பாண் எடுத்தபின் போறணை இரவு வரை சூடாக இருக்கும். தட்டில் பரப்பி இரண்டு மணி நேரம் வைத்துத் தந்தார்கள். கல்லுப்பு சூட்டில் படபடவென்று வெடித்துச் சிதறும், உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாவதால். மேலே இன்னொரு தட்டைக் கவிழ்க்க வேண்டும் என்று பேக்கரி அண்ணன் முதல் வெடியிலேயே சொல்லிவிட்டார். கரைத்த தண்ணீரைப் பிரஷர் குக்கரில் வைத்தாலும் போதும், ஆனால் எனக்கு மீனுக்கும் சுட்ட உப்பு வேண்டியிருந்தது. சுட்ட உப்பில் செய்த, பாத்தித் தண்ணீர் விடாத போத்தல் கடைசி வரை தெளிவாகவே நின்றது.

கிளிசரின்

உப்புப் பாத்தியில் கட்டாத் தலை யாரும் போடுவதில்லை. அங்கே சிவப்பு எதைத் தின்கிறது? டுனலியெல்லா உப்பைத் தாங்குவது ஆர்க்கியா மாதிரிப் பொட்டாசியத்தால் இல்லை. அது வெய்யிலில் சமைத்த காபனைக் கிளிசரினாக மாற்றித் தன் உடம்புக்குள் நிறைத்து வைத்து உப்பின் இழுப்பைச் சமன் செய்கிறது. கொஞ்சம் கசியும், செத்தால் எல்லாம் வெளியே வரும். ஆக, பாத்தியில் தினசரிச் சாப்பாடு கிளிசரின்தான். இதை வாசித்துவிட்டுக் கிளிசரின் போத்தல்தான் முதலில் சிவக்கும் என்று இருந்தேன். முதல் வரிசையில் அது ஒன்றுமே போடாத போத்தலைப் போலவே நின்றது.

குறை தீனியில் இல்லை, துணைக்கறியில். கிளிசரினில் காபன், ஐதரசன், ஒட்சிசன் மூன்றும்தான். நைதரசனும் பொஸ்பரசும் எங்கிருந்து வரும்? மீன் தண்ணீரிலும் மார்மைட்டிலும் அவை தாமாகவே இருந்தன. சாக்கடலிலும் இதே கதை நடந்திருக்கிறது. 1980-இலும் 1992-இலும் கடும் மாரி மழையால் மேல்தண்ணீர் இளகியபோது டுனலியெல்லா பொங்கியது, அதன் கிளிசரினில் ஆர்க்கியா பெருகிக் கடலே சிவந்தது. மற்ற வருடங்களில் அப்படி நடப்பதில்லை. உப்பு இளக வேண்டும், பொஸ்பேட்டும் வேண்டும்.

இரண்டாம் வரிசை: 100 மில்லிக்குக் கிளிசரின் 0.2 மில்லி, உரக்கடை அமோனியம் சல்பேட் ஒரு சிட்டிகை, பொஸ்பேட்டுக்காக டி.எஸ்.பி. உரம் ஊறிய தெளிவு ஒரு சொட்டு, வைட்டமினுக்காக ஈஸ்ட் சாறு சில சொட்டு. பக்கத்தில் கிளிசரின் தவிர மற்றதெல்லாம் உள்ள போத்தல் ஒன்று, சிவப்பு ஈஸ்ட் சாற்றால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க. கிளிசரினைக் குறைவாக விடுவது முக்கியம். அதிகம் விட்ட போத்தல் சீனியைப் போலப் புளித்தது. கிளிசரினிலிருந்தும் இவை லக்ரிக் அமிலம், அசற்றிக் அமிலம், பைருவிக் அமிலம் என்று வெளியே விடுவதுண்டு, சாக்கடல் தண்ணீரிலும் உப்பளத் தண்ணீரிலும் அது அளந்து காட்டப்பட்டிருக்கிறது. ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுப்பார்: பைருவிக் அமிலத்தின் உப்பான பைருவேற்றில் சதுர ஆர்க்கியாவுக்கு நல்ல விருப்பம். சலினிபாக்டர் என்ற உப்பு விரும்பும் பற்றீரியா, கிளிசரினில் ஒரு பகுதியை டைஹைட்ரொக்சி அசற்றோனாக மாற்றி வெளியே விட, அதையும் சதுரம் எடுத்துக்கொள்ளும். மணவீட்டுப் பந்தி மாதிரி, முதல் பந்தி எழும்ப இரண்டாம் பந்தி உட்காருகிறது.

பொறுமைதான் இந்தப் போத்தலுக்கு வேண்டியது. மீன் தண்ணீர் சிவந்த காலத்தில் இதில் ஒரு மாற்றமும் இல்லை. வீசிவிடலாமா என்று இருந்தபோது அடியில் லேசான ரோஸ் தெரிந்தது. பிறகு சீராகக் கூடி, இப்போது வெங்காயத்தோல் சிவப்பு. கிளிசரின் இல்லாத துணைப் போத்தலில் கண்ணுக்குத் தெரியும் நிறமில்லை. மணமும் கிடையாது. வீட்டுக்குள் வைக்கக்கூடிய ஒரே போத்தல் இதுதான்.

காற்றுக் கொடுத்தால் இன்னும் வேகமாக வரும் என்று மீன்தொட்டிப் பம்ப் ஒன்றைப் பொருத்தினேன். குமிழிக்கல்லின் ஓட்டைகளில் உப்பு இறுகி அடைத்தது, குழாயின் மேலேயும் உப்பு ஏறிப் பூத்தது, தண்ணீரும் வற்றியது. காற்றை முதலில் வேறொரு போத்தல் உப்புத் தண்ணீருக்குள் விட்டு ஈரமாக்கி, அங்கிருந்து வளர்ப்புப் போத்தலுக்குக் கொண்டுபோனபோது அடைப்பு நின்றது. அந்த ஈரப் போத்தலிலும் அதே செறிவு உப்பு இருக்க வேண்டும். நன்னீர் வைத்தால் போத்தலுக்குள் தண்ணீர் கூடி உப்பு இளகிவிடும். குமிழிக்கல் வேண்டாம், வெறும் குழாய் முனை போதும்.

மீனில் பார்த்தது

கட்டாவைக் கீறி மாமி கூறுகூறாகப் பிரித்துத் தந்தார். ஒரு கூறுக்கு மூட்டை உப்பு, ஒரு கூறுக்குச் சுட்ட உப்பு. இன்னொரு கூறைக் குடலும் இரத்தமும் போக நன்னீரில் நன்றாக அலசிவிட்டு மூட்டை உப்பு. காய்ந்தபின் எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் கட்டி, மழை மாதங்களில் சமையலறை மூலையில் வைத்தோம்.

மூட்டை உப்பு போட்டது எதிர்பார்த்தபடி சிவந்தது. அலசியது பிந்தியும் குறைவாகவும் சிவந்தது. இரத்தமும் வழும்பும் போனதால் எளிதில் கிடைக்கும் தீனி குறைந்தது என்று எடுத்துக்கொள்கிறேன். சுட்ட உப்பில் சிவப்பு இல்லை. அதற்குப் பதிலாகப் பழுப்புப் புள்ளி விழுந்தது. அது வேறு ஆள், உப்பையும் வறட்சியையும் தாங்கும் பூஞ்சணம். உப்பைச் சுட்டதால் அதைத் தடுக்க முடியாது, ஈரத்தைத்தான் தடுக்க வேண்டும்.

ஈரத்துக்கு ஓர் எண் இருக்கிறது, நான் இந்த வேலையில் கற்றதில் மிகப் பயனுள்ள எண். காற்றின் சாரீரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீர் இழுத்துக் கசியும். அதற்குக் கீழே உப்பு காய்ந்தே இருக்கும், ஆர்க்கியாவும் பெருகாது. திருமலையில் வாடை மாதங்களில் காற்று அந்த எல்லைக்கு மேலே நிற்பது வழமை. அப்போது கருவாட்டின் மேல் மெல்லிய உப்புத் தண்ணீர்ப் படலம் உண்டாகும். அது ஒரு குட்டிப் பாத்தி, அதற்குள் புரதச் சாப்பாடும் தயார். கச்சான் மாதங்களில் மாமிக்குப் பிரச்சினை வராததன் காரணம் மீனிலும் இல்லை, உப்பிலும் இல்லை.

சிவந்த கருவாட்டை நன்னீரில் கழுவினால் நிறம் போய்விடும், செல்கள் வெடித்துவிடுவதால். சந்தையில் இப்படிச் செய்வார்கள் என்று கேள்வி. நிறம் போனாலும் சதையில் நடந்த சேதம் போகாது, மீன் ஈரமாகிப் பூஞ்சணத்துக்கு வாசல் திறக்கும். கழுவ வேண்டியது கீறும் பலகையையும் கூடையையும்தான். அதிலும் வெறும் தண்ணீர் போதாது: ஹாலோகொக்கஸ் என்ற உருண்டை வகைக்குத் தடித்த சுவர் உண்டு, நன்னீரில் வெடிக்காது. கொதிதண்ணீர் ஊற்றி, வெய்யிலில் நிமிர்த்தி வைக்க வேண்டும்.

செலவு: தேர்மோஸ்டாட் 950 ரூபா, பம்ப் 1,400, பி.எச். தாள் 700, எப்சம் உப்பு 300, கிளிசரின் 350, சின்னத் தராசு 1,800. எல்லாம் 5,500 ரூபா. பம்பும் தராசும் இல்லாமலும் செய்யலாம், அப்போது 2,300 ரூபாவில் முடியும். உரங்கள் தெரிந்த விவசாயி ஒருவரிடம் ஒரு கைப்பிடி. மீன் பெட்டி சும்மா கிடைத்தது, அதன் மணத்தைப் போக்கத்தான் பாடு.

அடுத்த முறை மாற்றப்போவது: மார்மைட் வேண்டாம், பேக்கரி ஈஸ்ட் சாறுதான். சீனி, கிளிசரின் போத்தல்களுக்குத் தொடக்கத்திலேயே சிப்பித்தூள். ஒவ்வொரு தீனிக்கும் மூன்று போத்தல், ஒன்று பழுதானாலும் இரண்டு மிஞ்சும். பாத்தித் தண்ணீர் விடாத போத்தல் ஒன்று எந்த வரிசையிலும் கட்டாயம். பைருவேற்றுப் போட்டுச் சதுரங்களைத் தேட ஆசை இருக்கிறது, ஆனால் அது பாமசியில் கிடைக்கும் சாமான் இல்லை.

வாடிக்கு இந்த ஐப்பசியில் ஓர் ஈரமானி வாங்கித் தொங்கவிடுகிறோம். 75-ஐத் தாண்டும் நாட்களில் கருவாட்டை வெளியே எடுக்காமல் மூடிய வாளியில் வைப்பது திட்டம். உப்பைப் பேக்கரிக்குச் சுமக்க முடியாது என்பதால் பெரிய தாச்சியில் வறுத்துப் பார்க்கப் போகிறோம். மூட்டைக் கணக்கில் வறுக்க எவ்வளவு விறகு பிடிக்கும் என்று மாமி கேட்டிருக்கிறார். முதலில் 5 கிலோவை வறுத்து விறகை நிறுத்துத்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். விறகுச் செலவு, சிவந்து போகும் கருவாட்டின் பாதி விலையைத் தாண்டினால், வறுப்பதை விட்டுவிட்டு மீனை அலசுவதோடும் ஈரத்தைக் காப்பதோடும் நிறுத்திக்கொள்வோம்.